பழைய ஜீப்பின் கார்புரேட்டர்: புதுப்பித்தலும் மாற்றுதலும்

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் தகுந்த அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியாகும். பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இது தேய்ந்துபோனால் எஞ்சின் சீராக ஓடாது. பெட்ரோல் செலவு கூடும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இக்கட்டுரை வில்லிஸ் எம்பி ஜீப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தேய்ந்த கார்புரேட்டரை எப்போது புதுப்பிக்கலாம், எப்போது மாற்ற வேண்டும் என்பதை விளக்குகிறது.

வில்லிஸ் எம்பி 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் போர்ப் பயன்பாட்டுக்காகத் தயாரிக்கப்பட்டது. ஃபோர்டு நிறுவனம் இதே வண்டியை ஜிபிடபிள்யூ என்ற பெயரில் தயாரித்தது. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமாக உருவாயின. 1947இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. எம்பி ஜீப்பின் 2.2 லிட்டர் எஞ்சினில் கார்ட்டர் டபிள்யூஓ வகைக் கார்புரேட்டர் இருந்தது.

செயல்படும் முறை

கார்புரேட்டரின் நடுவில் உள்ள குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவால் பெட்ரோல் மேலே இழுக்கப்பட்டுக் காற்றுடன் கலக்கிறது. முழுமையாக எரிவதற்கு, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. காற்று கூடினால் கலவை மெலியும். பெட்ரோல் கூடினால் கலவை செறியும்.

டபிள்யூஓ வகையில் முக்கியமான பகுதிகள் ஐந்து. மிதவையும் ஊசி வால்வும் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கின்றன. ஐடில் வழி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தருகிறது. முதன்மை ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் அளவிக்கோல், வேகத்தில் ஓடும்போது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. ஆக்சிலரேட்டர் பம்ப், பெடலை அழுத்தியவுடன் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. சோக், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுகிறது.

எங்கே தேய்கிறது?

திராட்டில் தண்டும் அது சுழலும் துளைகளுமே அதிகம் தேய்பவை. பெடலை அழுத்தும்போதெல்லாம் இத்தண்டு திரும்புகிறது. மண் சாலையின் தூசி அங்கே படிந்து அரம் போல வேலை செய்கிறது. துளை பெரிதானால் அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். ஐடிலில் கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். ஸ்குரூவை எவ்வளவு திருகினாலும் நிலைக்காது.

ஊசி வால்வின் முனையில் வளையம்போல் தடம் விழுந்தால் அது சரியாக மூடாது. பெட்ரோல் நிரம்பி வழியும். வழியும் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயில் நீர்த்தால் பேரிங்குகள் தேயும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஓட்டக்கூடாது.

பெட்ரோலும் ஒரு காரணம். இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரை உப்பச் செய்யும். துத்தநாகக் கலவை உலோகத்தை அரிக்கும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், ஜெட்டின் அளவு மாறாமலே கலவை சற்று மெலிகிறது. ஓட்டாமல் பல மாதம் நிறுத்தும் வண்டியில் கிண்ணத்தைக் காலி செய்து வைப்பது நல்லது.

கழற்றும் முன்

கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன் மற்றவற்றைச் சரிபார்க்க வேண்டும். எம்பி ஜீப்பில் ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.030 அங்குலமும், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலமும் இருக்க வேண்டும். இவை தவறினாலும் எஞ்சின் அதே போலத் தடுமாறும். பிளக்கில் கரி படிந்திருந்தால் கலவை செறிவு, வெளுத்திருந்தால் மெலிவு.

தண்டின் தேய்மானத்தை அறிய இரண்டு எளிய வழிகள் உள்ளன. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் விரலுக்கே தெரியும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது தண்டின் இரு முனையிலும் கெட்டியான கிரீஸைத் தடவினால், துளை அடைபட்டு ஓட்டம் மாறும். அப்படி மாறினால் காற்றுக் கசிவு உறுதி. பெட்ரோல் அல்லது கிளீனரைத் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் ஆபத்தானது. கார்புரேட்டருக்குக் கீழேயே சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது.

புதுப்பித்தல்

கடையில் கிடைக்கும் ரிப்பேர் கிட்டில் பொதுவாகக் கேஸ்கெட்டுகள், ஊசி வால்வு, பம்ப் முதலியவை இருக்கும். திராட்டில் தண்டு அதில் பெரும்பாலும் இருக்காது. அதனால் தண்டு தேய்ந்த கார்புரேட்டருக்குக் கிட்டை மட்டும் போட்டால் பழைய கோளாறு அப்படியே இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

1. பேட்டரி இணைப்பைக் கழற்றி, திறந்த வெளியில் வேலை செய்க. பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்தால் மீண்டும் பொருத்துவது எளிது.
2. ஜெட்டுகளைக் கம்பியால் குத்தக்கூடாது. கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதினால் போதும். கண்ணாடி அணிவது கட்டாயம்.
3. பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பார்க்கவும். குமிழி வந்தால் ஓட்டை உண்டு. உள்ளே பெட்ரோல் இருக்கும் மிதவையில் ஈயம் பற்றவைத்தால் வெடிக்கலாம். ஈயத்தால் எடையும் கூடும். புதியது போடுவதே முறை.
4. ஊசியையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
5. தண்டுத் துளை தேய்ந்திருந்தால், லேத் பட்டறையில் துளையை ரீமரால் ஒழுங்குபடுத்தி, வெண்கலப் புஷ் பொருத்தி, புதிய தண்டு போட வேண்டும். இரு துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும்.
6. திராட்டில் தகட்டின் ஸ்குரூக்களைத் தளராதபடி பூட்ட வேண்டும். அவை கழன்றால் நேராக எஞ்சினுக்குள் விழும்.
7. மிதவை மட்டத்தைச் சரி செய்க. டபிள்யூஓ வகையில் மூடியைக் கவிழ்த்து, கேஸ்கெட் இல்லாமல் அளந்தால், மூடிக்கும் மிதவைக்கும் இடைவெளி 3/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.5 மி.மீ. இருக்க வேண்டும்.

மாற்ற வேண்டியது எப்போது?

உடல் பகுதி வெடித்திருந்தாலோ, அரிப்பால் பெட்ரோல் வழிகள் சிதைந்திருந்தாலோ, இணையும் பரப்பு மிகவும் வளைந்திருந்தாலோ மாற்றுவதே சிக்கனம். மாற்றுக் கார்புரேட்டர் வாங்கும்போது போல்ட் துளைகளின் இடைவெளி, திராட்டில் இணைப்பு, ஏர் கிளீனர் குழாயின் அளவு ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய கார்புரேட்டர் போட்டால் சக்தி கூடும் என்பது தவறான எண்ணம். அகன்ற குழாயில் மெதுவான ஓட்டத்தின்போது காற்றின் வேகம் குறைவதால் பெட்ரோல் சரியாக இழுபடாது. மலைச்சரிவில் மெதுவாக ஏறும் ஜீப்புக்கு அதுவே பெரிய குறை. கழற்றிய பழைய கார்புரேட்டரை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் உதிரிக்கு உதவும்.

பொருத்திய பின்

முதலில் கசிவு பார்க்க வேண்டும். அதன் பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். தீயணைப்பான் கையருகே இருக்கட்டும். ஐடில் கலவை ஸ்குரூவை மென்மையாக முழுதும் மூடி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கலாம். இறுக்கி மூடினால் அதன் கூர்முனை கெடும். எஞ்சின் சூடானபின், ஓட்டம் மிகச் சீராக இருக்கும் இடத்தில் அந்த ஸ்குரூவை நிறுத்தி, ஐடில் வேகத்தை நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் வைக்க வேண்டும். இப்போது கலவை ஸ்குரூவைச் சிறிது திருகினாலே ஓட்டத்தில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் காற்றுக் கசிவோ அடைப்போ இன்னும் இருக்கிறது என்று பொருள்.

ஏர் கிளீனரில் ஆயிலை அடிக்கடி மாற்றுவது, பெட்ரோல் வடிகட்டியைச் சுத்தமாக வைப்பது ஆகிய இரண்டும் புதுப்பித்த கார்புரேட்டரின் ஆயுளை நீட்டிக்கும். உள்ளே போகும் தூசியைத் தடுக்காவிட்டால் புதிய தண்டும் பழைய தண்டின் வழியிலேயே போகும்.