வளைந்த கத்தியும் நீர்க்கல்லும்

கத்தி தீட்டுதல் எளிய தொழிலென்றே நம்மிற் பலர் எண்ணுவர். நேரான அலகிற்கு அஃது ஒருவாறு பொருந்தும். நுனிநோக்கி வளைந்த அலகிற்குப் பொருந்தாது. காரணம் யாதெனின், கல் தட்டையானது. கத்தியின் வாயோ வளைந்தது. ஆதலின் ஒருசமயத்தில் வாயின் சிறு பகுதியே கல்லைத் தொடும். அவ்வளைவைக் கையே பின்பற்றல் வேண்டும்.

ஜப்பானியர் தம் தீட்டுகற்களுக்கு எண்ணெயிடாது நீரையே இடுவர். கியோட்டோ நகரையடுத்த மலைகளில் வெட்டிய கற்கள் பண்டு பெயர்பெற்றன. இன்று பெரும்பாலும் செயற்கைக் கற்களே வழங்குகின்றன. கல் தேயுந்தோறும் புதிய துகள்கள் வெளிப்பட்டு, நீரோடு குழம்பாகி எஃகைத் தேய்க்கும். ஆதலின் அக்குழம்பைத் தீட்டும்போது கழுவிவிடலாகாது.

இருபுறமும் தீட்டப்படும் கத்தியை முதலில் 1000 எண்ணுள்ள கல்லில் வைத்து, அலகின் அகலத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு முதுகை உயர்த்துக. கோணம் 15 பாகையாகும். வளைவு தொடங்குமிடத்திலிருந்து பிடியைச் சிறிது சிறிதாக உயர்த்திச் செல்க. உயர்த்தாவிடின் நுனி கல்லைத் தொடாது மழுங்கியே நிற்கும். நுனியில் மிகுதியாய் அழுத்தினாலோ, அது தேய்ந்து கத்தியின் வடிவமே கெடும். தேய்ந்த எஃகு மீண்டும் வளராது.

பின்னர் மறுபுறத்தில் முதுகிலிருந்து வாயை நோக்கி விரலால் மெல்லத் தடவுக. வாயின் நெடுக ஒருபோதும் தடவற்க. பிசிர் தட்டுப்படாத இடம் கல் தொடாத இடமாகும். நுனிவரை பிசிர் எழுந்த பின்னரே கத்தியைத் திருப்பி, மறுபுறத்தையும் அவ்வாறே தீட்டுக. முடிவில் 6000 எண்ணுள்ள நுண்கல்லில் அழுத்தாது இழைத்துப் பிசிரைப் போக்குக. நம் கை தவறிய இடத்தை அப்பிசிரே அறிவித்தலின், பயில்வோர்க்கு அதுவே நல்லாசிரியனாம்.