பழைய காரில் 'டொக் டொக்' சத்தமா? எந்த பார்ட் தேய்ந்திருக்கு என்று கண்டுபிடிப்பது எப்படி?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கும் பாலவனத்தம், அந்தப் பக்கம் திருச்சுழி என இந்தக் கரிசல் வட்டாரத்தில் மாருதி 800, ஆம்னி, டாடா சுமோ போன்ற பழைய வண்டிகள் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கல்யாணம், ஆஸ்பத்திரி, சந்தை என்று பல வீடுகளில் எல்லாத்துக்கும் அந்த ஒரே வண்டிதான்.

மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆம்னியும் சுமோவும் 2019-ல் நிறுத்தப்பட்டன. அதாவது, இருப்பதிலேயே 'இளைய' மாருதி 800-க்கே வயது 10-ஐத் தாண்டிவிட்டது. இந்த வயதில் சத்தம் வருவது சகஜம். ஆனால், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவதில்தான் சிக்கல். சில சத்தங்கள் ஒரு மாதம் பொறுக்கும். சில சத்தங்கள் அடுத்த வளைவு வரைகூடப் பொறுக்காது. எது எந்த ரகம்? பார்க்கலாம்.

எப்போ சத்தம் வருது?

ஒரே 'டொக்' சத்தம் ஐந்தாறு இடத்திலிருந்து வரலாம். அதனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா, வேகம் கூடும்போதா? இதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு எளிய சோதனை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். சத்தம் வந்தால் எஞ்சின் பக்கம். வரவில்லை, ஓடும்போது மட்டும்தான் கேட்கிறது என்றால் பெரும்பாலும் சக்கரம், சஸ்பென்ஷன், பிரேக் பக்கம்.

செலவே இல்லாமல் முதலில் இதைப் பாருங்க

* டயர் பட்டனுக்கு இடையில் கல் சிக்கியிருந்தால், வேகத்துக்கு ஏற்ப 'டிக் டிக்' என்று கேட்கும். கருவேல முள் ஏறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.
* மழைக்குப் பிறகு ஸ்டியரிங் உதறுகிறதா? கரிசல் மண் ரிம்முக்கு உள்பக்கம் ஒட்டிக் காய்ந்திருந்தால், ஒரு பக்கம் எடை கூடி அதிர்வு வரும். நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.
* டிக்கியில் ஜாக்கி, ஸ்டெப்னி ஆடுகிறதா?
* வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? சமீபத்தில் பஞ்சர் பார்த்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது 'கீச்'... 'கரகர'

மெல்லிய 'கீச்' சத்தம் தூசியாலும் வரலாம். ஆனால் தொடர்ந்து கேட்டால் பிரேக் பேட் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. தேய்மானத்தைக் காட்டுவதற்காகவே சில பேட்களில் சிறிய தகடு ஒன்று இருக்கும். அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். பேட் கனம் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

'கரகர' என்று இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால், பேட் முழுதாகத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். டிஸ்க்கும் சேர்ந்து கெடும், வண்டி நிற்கும் தூரமும் கூடும். அதோடு ஓட்டவே கூடாது.

ஒடிக்கும்போது 'டக் டக்'

மாருதி 800, ஆல்டோ, இண்டிகா போன்ற முன்சக்கர இழுவை வண்டிகளில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகரும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால் சி.வி. ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். அதன் மேல் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி, புழுதி உள்ளே போகும். பூட் கிழிந்த உடனே பார்த்தால் செலவு குறைவு. விட்டுவிட்டால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

ஆம்னி, சுமோ, அம்பாசடர் ஆகியவை பின்சக்கர இழுவை. கிளட்சை விட்டதும் அடியில் 'டங்' என்று ஒரு அடி விழுந்தால், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேகம் கூடக்கூட 'ஹூம்'

வண்டு ரீங்காரம் போல ஒரே சீராகக் கேட்டு, வேகத்தோடு கூடினால் வீல் பேரிங் ஆக இருக்கலாம். வலப்பக்க வளைவில் சத்தம் கூடினால், எடை விழுவது இடப்பக்கச் சக்கரத்தில். எனவே இடப்பக்க பேரிங்கைப் பார்க்க வேண்டும். இடப்பக்க வளைவில் கூடினால் வலப்பக்கம். தார் சாலையில் ஒரு மாதிரி, சிமென்ட் சாலையில் வேறு மாதிரி கேட்டால், அது வெறும் டயர் சத்தமாகவும் இருக்கலாம்.

ஸ்பீடு பிரேக்கரில் 'டொக்'

இங்கே சந்தேகப் பட்டியல் நீளம்: லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர். இதில் புஷ் என்பது ரப்பர். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும், வெயிலிலும் வயதிலும் ரப்பர் இறுகி வெடிக்கும். "வண்டி ஓடவே இல்லையே, எப்படிப் போச்சு?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

பானெட் முனையை அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. ரெண்டு மூணு தடவை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பேரிங் அல்லது பால் ஜாயின்ட். முன்சக்கரத்தை இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்ட். கவனம்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

உடனே ஓரங்கட்ட வேண்டியவை

* பிரேக்கில் 'கரகர', அல்லது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவது.
* பால் ஜாயின்ட், டை ராட்டில் ஆட்டம். இது கழன்றால் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.
* எஞ்சின் அடியிலிருந்து கனமான 'டொக் டொக்', அதோடு சிவப்பு ஆயில் விளக்கு. எஞ்சினை உடனே அணைத்து ஆயில் அளவைப் பாருங்கள். "ஊர் வரைக்கும் போயிடலாம்" என்று நினைத்தால் எஞ்சினே போய்விடும்.

எஞ்சின் மேல்பக்கம் லேசான 'டிக் டிக்' டேப்பட் சத்தம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கேட்கும் பெல்ட் 'கீச்' ஆகியவை அவசரம் இல்லை. சில நாளில் பார்த்துக்கலாம்.

சத்தமே போடாத பார்ட்

மாருதி 800 போன்ற வண்டிகளில் எஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் இருக்கிறது. ரப்பரால் ஆன இது, பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் அறும். வண்டி அங்கேயே நின்றுவிடும். சில எஞ்சின்களில் வால்வும் வளைந்துவிடும். பழைய கார் வாங்கியவர்கள், இந்த பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

எஃப்.சி.க்கும் இதுதான் கைகொடுக்கும்

சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அங்கே பார்க்கப்படும். கடைசி நேரத்தில் மொத்தமாகச் செலவழிப்பதைவிட, சத்தம் கேட்கும்போதே ஒவ்வொன்றாகச் சரிசெய்வது கைக்கு அடக்கம்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"ஏதோ சத்தம் வருதுண்ணே" என்றால், அவர் ஊகத்தில் ஒவ்வொரு பார்ட்டாக மாற்ற வேண்டிவரும். காசு உங்களுடையது. அதற்குப் பதிலாக, "இடது பக்கம் ஒடிக்கும்போது மட்டும், மெதுவாப் போகையில, முன்பக்கம் வலது சைடுல டக் டக்குனு கேக்குதுண்ணே" என்று சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள்.