ஃபோர் வீல் ஏன் விழவில்லை?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புதுச்சேரியின் கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியின் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும். அந்த நான்கில் இரண்டு வேலை செய்யவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

புதுச்சேரி சமதளம், சாலைகள் தார். ஆண்டு முழுக்கப் பின்சக்கரங்களே போதும். 4×4 சுவிட்சை யாரும் தொடுவதில்லை. ஆனால் கடற்காற்று நாள் தவறாமல் உப்பைக் கொண்டுவந்து வண்டியின் அடியில் பூசிவிட்டுப் போகிறது. அசையாத பாகம், உலர்ந்த கிரீஸ், உப்பு ஈரம்: மெக்கானிக்குகள் "ஃபோர் வீல் விழல" என்று சொல்லும் கோளாறுக்குப் பெரும்பாலும் இவையே வேர். கியர்கள் உடைவது அரிது. அதனால்தான் எடுத்த எடுப்பில் கியர்ப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை.

பொலேரோ கேம்பர், இசுசு வி-கிராஸ் ஆகியவற்றின் 4×4 வகைகளில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி உண்டு. சுவிட்சை 4 ஹையில் போட்டதும் அந்தப் பெட்டி முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டையும் பின்பக்க ஷாஃப்டோடு சேர்த்துப் பூட்டுகிறது. இதோடு வேலை முடிவதில்லை. தேவையில்லாதபோது முன் அச்சு வீணாகச் சுழலாமலிருக்க, பல வண்டிகளில் சக்கரத்தின் ஹப்பிலோ அச்சுக்குள்ளோ இன்னொரு பூட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1948இல் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம், போரில் மிஞ்சிய ஜீப்புகளுக்காக இத்தகைய ஹப்புகளைச் செய்துதான் பெயர் பெற்றது. ஆக, இரண்டு இடத்தில் பூட்டு விழ வேண்டும். எது விழவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

அதற்கு முன், கோளாறே இல்லாத ஒரு நிலையைத் தள்ளிவிட வேண்டும். பூட்டின் பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் ஒன்றோடொன்று கோக்கும். நின்ற இடத்தில் சுவிட்சைத் திருப்பினால் டாஷ்போர்டிலுள்ள 4×4 விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை நேராகச் சில மீட்டர் உருட்டினால் விழுந்துவிடும். 4 லோ இதற்கு நேர்மாறு. சக்கரத்தின் இழுவிசையை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்கும் கியர் அது. பெரும்பாலான வண்டிகளில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால்தான் விழும். ஓடும்போது கேட்டால் கணினி மறுக்கும், மறுப்பது சரியே.

இனி சோதனை. சுவிட்சைத் திருப்பும்போது வண்டியின் அடியில் பூட்டை நகர்த்தும் மோட்டார் உறுமுகிறதா என்று காது கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு கனெக்டர். நம் கடற்கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது கனெக்டரைத்தான். செம்பு முனையில் பச்சை பூத்திருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். 'கரன்ட் வருது, மோட்டார்தான் போச்சு' என்று புது மோட்டார் வாங்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். மீட்டர் இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம், அதற்கு அந்தப் பச்சை ஒரு தடையே அல்ல. மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே அரை ஓம் தடை இருந்தால், ஓம் விதிப்படி 5 வோல்ட் அந்த முனையிலேயே தொலைந்துவிடும். மிஞ்சும் 7 வோல்ட்டில் மோட்டார் முனகத்தான் முடியும். ஆகவே மோட்டார் இயங்க முயலும்போதே அளக்க வேண்டும். எர்த் ஒயரையும் அப்படியே.

மோட்டார் ஓடுகிறது, விளக்கும் நிலையாக எரிகிறது, ஆனாலும் முன்சக்கரம் இழுக்கவில்லையா? இளகிய மண்ணில் வண்டியை 4 ஹையில் மெல்ல நகர்த்தி, ஒருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். பின்சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது, முன் ஷாஃப்ட் அதோடு சுழலவில்லை என்றால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸில். ஷாஃப்ட் சுழன்றும் முன்சக்கரம் சும்மா இருந்தால் ஹப்பில். இரண்டு ஹப்பில் ஒன்று பூட்டாமல் போனாலே போதும், மற்றதும் பயனற்றுவிடும். நடுவிலுள்ள டிஃபரென்ஷியல், தடையில்லாத பக்கத்துக்கே சுழற்சி முழுவதையும் கொடுத்துவிடுவதே காரணம்.

ஹப்பைப் பூட்டும் சக்தி சில வண்டிகளில் வேக்குவம், அதாவது வெற்றிடம். டீசல் எஞ்சின் தன் உறிஞ்சும் வழியில் போதிய வெற்றிடத்தை உருவாக்காது என்பதால் தனியாக ஒரு பம்ப் உண்டு. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்புதான். இந்த உறவு கோளாறு தேடுபவருக்குப் பெரிய உதவி. பிரேக் பெடலும் கல்லாக இறுகியிருந்தால் முதலில் பம்பைப் பாருங்கள், அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பிரேக் நன்றாக இருந்து ஹப் மட்டும் பூட்டவில்லையென்றால் பம்பில் பழுதில்லை. ஹப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு, எலிக்கடி, அல்லது சொலினாய்டில் அடைப்பு. முன்பக்கத்தை ஸ்டாண்டில் உயர்த்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, கை வேக்குவம் பம்பால் ஒவ்வொரு ஹப்பாகச் சோதிக்கலாம். பம்பின் மீட்டர் முள் இறங்கினால் கசிவு உறுதி.

இந்தக் கசிவுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. வெற்றிடம் காற்றை மட்டும் உறிஞ்சாது. வெள்ளத்தில் நிற்கும் ஹப்பின் சீல் கிழிந்திருந்தால் சேற்றுநீரையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சரிசெய்த பிறகு தார்ச்சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டாம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியைக் கடக்கின்றன. பூட்டிய ஷாஃப்டுகளால் அந்த வித்தியாசத்தைச் சமன்செய்ய முடியாது. மண்ணில் டயர் வழுக்கி ஈடுகட்டும். தாரில் வழியில்லாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறி, 4 ஹையிலிருந்து வெளியே வரவே மறுக்கும். அப்போது நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் முறுக்கு இளகும். கடற்கரை மணலும் வேண்டாம். குளிர்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம்வரை பங்குனி ஆமைகள் அங்கே முட்டையிடுகின்றன. ஆரோவில்லைச் சுற்றியுள்ள செம்மண் பாதை ஒன்றில் மாதம் ஒருமுறை இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாலே போதும், பூட்டுகள் அசைந்து எண்ணெய் ஏறும்.

வெள்ளத்தில் இறங்கி வந்த வண்டிக்கு மறுநாளே ஒரு வேலை இருக்கிறது. ஓடிச் சூடேறிய அச்சு ஹவுசிங் குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் பிரீதர் துளை அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரே உள்ளே புகும். முன் ஹவுசிங், பின் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் முழுவதையும் இறக்கிப் புதிதாக ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். பேரிங்கில் துரு பிடிக்கச் சில நாட்களே போதும்.