ஆட்டோஃபோகஸ் மோட்டார்

ஆட்டோஃபோகஸ் மோட்டார் என்பது கேமரா லென்ஸில் உள்ள கண்ணாடித் தொகுதியை முன்னும் பின்னும் நகர்த்தி, படத்தைத் தெளிவாகக் குவிக்கும் சிறிய மின்பொறி ஆகும். தாலி கட்டும் நேரம் போன்ற திரும்பக் கிடைக்காத தருணங்களில் இது நின்றுவிட்டால் படம் கைநழுவிப் போகும். ஆயினும் குவியம் தவறுவதெல்லாம் மோட்டாரின் பழுது அல்ல.

வரலாறும் வகைகளும்

1985இல் வெளிவந்த மினோல்டா 7000 கேமராவில் மோட்டார் கேமராவின் உடலிலேயே இருந்தது. 1987இல் கேனான் தனது இஓஎஸ் வரிசையில் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. நிக்கான் 2006இல் வெளியிட்ட டி40 கேமராவின் உடலில் மோட்டார் இல்லை. எனவே மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்கள் அதில் தாமாகக் குவியா. இது பழுது அன்று, பொருத்தமின்மையே.

லென்ஸ் மோட்டார்களில் மூன்று வகைகள் பரவலானவை. பற்சக்கரங்களுடன் இயங்கும் சிறு மோட்டார் விலை குறைந்தது, இரைச்சல் மிக்கது. மீயொலி மோட்டார் பீங்கான் தகட்டின் அதிர்வால் சுழல்கிறது. படிநிலை மோட்டார் ஓசையின்றி இயங்குவதால் காணொளிக்கு ஏற்றது.

பழுதைக் கண்டறிதல்

முதலில் லென்ஸின் பொத்தான் 'ஏஎஃப்' நிலையில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, வெளிச்சத்தில் கோடுகளோ எழுத்துகளோ உள்ள பொருளை நோக்கிச் சோதிக்க வேண்டும். இருண்ட கோயில் மண்டபத்திலும் வெறுஞ்சுவரின் முன்பும் நல்ல லென்ஸும் தடுமாறும். பின்னர் அதே கேமராவில் வேறொரு லென்ஸைப் பொருத்த வேண்டும். அது சரியாகக் குவித்தால் குறை முதல் லென்ஸில் இருக்கலாம். அதன் உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் முயலலாம்.

டிஎஸ்எல்ஆர் கேமராவில் திரை வழியே பார்க்கும்போது படம் தெளிவாகவும், கண்ணோக்கி வழியே எடுக்கும்போது மங்கலாகவும் இருந்தால், மோட்டார் நன்றாகவே உள்ளது. குவிய உணரியின் சீரமைப்பே பிழையாக இருக்கும். லென்ஸ் அசையவே இல்லை என்றாலும், கரகரவென்று ஒலித்தாலும் மோட்டாரையோ பற்சக்கரத்தையோ ஐயுறலாம்.

கையாளும் முறை

பற்சக்கர வகையில் 'ஏஎஃப்' நிலையில் குவிய வளையத்தைக் கையால் வலிந்து திருப்பினால் பற்கள் தேயும். இவ்வகையிலும் பெரும்பாலான வளைய மீயொலி வகையிலும் மோட்டார் செயலிழந்த பின்னும் கையால் குவிக்கலாம். படிநிலை வகையில் பெரும்பாலும் வளையமும் மோட்டார் வழியாகவே இயங்குவதால் அது இயலாது.

நம்பகமற்ற லென்ஸை மட்டுமே கொண்டு படமெடுக்க நேர்ந்தால், மணமேடையின் தொலைவுக்கு முன்கூட்டியே குவித்து, 'எம்எஃப்' நிலைக்கு மாற்றி, ஃபிளாஷுடன் எஃப்/8 துளை அளவில் எடுப்பது பாதுகாப்பானது. சிறிய துளையில் தெளிவின் ஆழம் கூடுவதால், மணமக்கள் சற்றே அசைந்தாலும் படம் மங்காது.