செக்கெண்ணெயும் கடைக் கணக்கும்

நெய்வேலி என்னும் பெயரிலேயே நெய் இருக்கிறது. ஆயினும் அவ்வூர்க் கடைகளில் நல்ல எண்ணெயும் நெய்யும் பாலும் இன்னதென்று கண்டு வாங்குவது இலேசான காரியமன்று. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டபின் வட்டம் வட்டமாக எழுந்த நகரியம் அது. பெரும்பாலும் மாதச் சம்பளக் குடும்பங்கள்; கொல்லையில் பசு இல்லை, தெருக்கோடியில் செக்கு இல்லை. சகலமும் கடையிலிருந்தே வரவேண்டும். இத்தனைக்கும் சுற்றுப்புறம் நிலக்கடலை விளையும் சீமை. வி.ஆர்.ஐ. என்னும் கடலை ரகங்கள் பக்கத்து விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவையே.

இப்போது கடைக்குக் கடை 'மரச்செக்கு' என்று எழுதிய புட்டிகள் அணிவகுத்து நிற்கின்றன. செக்கும் மாடும் படத்தில் இருக்கின்றன. எண்ணெய் செக்கிலிருந்துதான் வந்ததா என்பதே கேள்வி. இதற்கு ரசாயன சாலைக்குப் போகவேண்டியதில்லை. நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் கணக்கே போதும். கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்; அதையும் செக்கு முழுதும் பிழிந்துவிடாது. ஆகவே ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அதே கடையில் பருப்பின் விலையை விசாரியுங்கள். இரண்டரையால் பெருக்குங்கள். பிண்ணாக்கு விற்று வரும் பணத்தைக் கழித்து, ஆட்டுகூலியையும் புட்டியையும் கூட்டுங்கள். வரும் தொகைக்கு வெகு குறைவாக ஒருவர் விற்றால், அவர் தர்மப் பிரபுவாக இருக்கவேண்டும். அல்லது புட்டியில் வேறு எண்ணெய் இருக்கவேண்டும்.

சிறு எழுத்துக்களையும் படிப்பது நலம். 'கலப்பு எண்ணெய்' என்றிருந்தால், எந்த எண்ணெய் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை அச்சிடவேண்டுமென்பது சட்டம். இருபது பங்கு கடலெண்ணெயும் எண்பது பங்கு வேறொன்றும் சேர்ந்தாலும் சட்டத்துக்குச் சம்மதமே. படத்தில் மட்டும் கடலை குவிந்து கிடக்கும்!

சுத்திகரித்த எண்ணெய் விஷம் என்று சிலர் முழங்குவதை நாம் ஒப்பவில்லை. அது காரத்தால் கழுவப்பட்டு, மண்ணால் நிறம் நீக்கப்பட்டு, இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நீராவியால் வாசனை போக்கப்பட்ட சரக்கு. மணத்தோடு வைட்டமின் 'ஈ'யிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. ஆனால் பூசணம் பிடித்த கடலையிலுள்ள அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சும் அந்தக் காரத்தில் நீங்குகிறது. செக்கெண்ணெயிலோ அது தங்கிவிடக் கூடும். ஆதலால் செக்குக்காரரிடம் எண்ணெயை முகர்ந்து பார்ப்பதைவிடப் பருப்பைக் காட்டச் சொல்வது மேல். சொத்தை பொறுக்கிய பருப்பைத் தாமே கொண்டுபோய் ஆட்டிவருகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு; அடியோடு இல்லையென்று சொல்லமுடியாது.

இது புதிய வழக்குமன்று. 1937-இல் டால்டா வந்து நெய்யின் வேஷம் போட்டபோது காந்தியடிகள் வனஸ்பதியை வன்மையாகக் கண்டித்தார். 1934-இல் வார்தாவில் தோன்றிய கிராமக் கைத்தொழில் சங்கத்தில், நம் தஞ்சாவூர்க் குமரப்பா முதலியோர் செக்கைச் சீர்திருத்தி அதன் உழைப்பைக் குறைக்க முனைந்தார்கள். வனஸ்பதியிலுள்ள கெட்ட கொழுப்புக்கு நூற்றுக்கு இரண்டு என்று வரம்பு கட்டச் சர்க்காருக்கு 2022 வரை பிடித்தது.

பால் விஷயத்தில் உறையின் நிறத்தைவிட எண்ணைப் பாருங்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3, நிலைப்படுத்தியதில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6 சதவிகிதம். வீட்டிலே வெண்ணெய் எடுக்க விரும்புவோர் கடைசி வகையை, அதிலும் 'ஹோமோஜினைஸ்டு' என்று எழுதாததை வாங்கவேண்டும். மற்றதில் ஏடு திரளாது. வாசலில் கறந்து கொடுத்த பாலானாலும் காய்ச்சாமல் குடிக்கலாகாது.

நெய்க்கும் பழைய கணக்கே. பசும்பாலில் நூற்றுக்கு நாலு பங்கு கொழுப்பென்றால், ஒரு கிலோ நெய்க்கு இருபத்தைந்து லிட்டர் பாலாவது வேண்டும். எருமைப்பாலானால் சுமார் பதினைந்து லிட்டர் போதும். அந்த நெய் வெளுப்பாகத்தான் இருக்கும், அதற்காகக் கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.