நகரின் அறிவு நம் கையில்



நகரங்களை அறிவு மிக்கவையாக ஆக்குதல் வேண்டும் என்று உலகெங்கும் பேசப்படும் காலம் இது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் 'ஸ்மார்ட் சிட்டி' எனப்படும் சீர்மிகு நகரத் திட்டம் தொடங்கப் பெற்றது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப் பெற்ற நகரங்கள் 100. சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சை, நெல்லை, தூத்துக்குடி, சேலம், ஈரோடு, திருப்பூர், வேலூர் ஆகிய 11 நகரங்கள் தமிழகத்தைச் சேர்ந்தவை. 2025 மார்ச் 31ஆம் நாளோடு அத்திட்டம் முடிவுற்றது. அந்த 100 நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையங்கள் எழுந்துள்ளன. போக்குவரத்தையும் குப்பை வண்டிகளையும் ஓரிடத்தில் அமர்ந்தே கவனிக்கும் வசதி வந்துள்ளது.

திட்டம் முடிந்துவிட்டது, நகரம் இருக்கிறது, அதில் நாமும் இருக்கிறோம். இனி அது சீருடன் விளங்குவது யாரைப் பொறுத்தது?

மத்தியப் பிரதேசத்து இந்தூர் நகரைச் சற்றே நோக்குங்கள். நாட்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2017 முதல் 2023 வரை ஏழு முறை தொடர்ந்து முதலிடம் பெற்ற நகரம் அது. ஏழாம் முறை மட்டும் சூரத் நகருடன் அவ்விடத்தைப் பகிர்ந்து கொண்டது. 2022 பிப்ரவரியில் அங்கே ஒரு பெரிய எரிவாயு ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை உட்கொண்டு, பேருந்துகளை ஓட்டும் வாயுவையும் வயலுக்கு வேண்டிய உரத்தையும் தரவல்லது அந்த ஆலை.

அந்த இயந்திரத்திற்கு உயிர் கொடுப்பது எது தெரியுமா? வீட்டுச் சமையற்கட்டில் காய்கறித் தோலை ஒரு கூடையிலும், பிளாஸ்டிக் பையை மற்றொரு கூடையிலும் இடும் கைகளே! கண்ணாடித் துண்டும் பாலிதீனும் கலந்துவிட்டால் ஆலை திணறும். நுண்ணுயிர்கள் செரித்து வாயுவாக்குவது உணவுக் கழிவைத்தானே அன்றிப் பிளாஸ்டிக்கை அன்று. வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்க அந்நகர மக்கள் பழகிக் கொண்டார்கள். ஆகவேதான் கோடிக்கணக்கில் செலவிட்ட ஆலை பயன் தருகிறது.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? மீன் செதிலும், உடைந்த கண்ணாடிக் குவளையும், குழந்தையின் அணையாடையும் ஒரே பையில் கட்டப்படுகின்றன. அதை வெறுங்கையால் பிரிப்பவரும் ஒரு தாயின் மகனே. ஒரு வீட்டின் தலைவியே. அவர் கை கிழியும்போது அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கில்லை என்று கூற இயலுமா?

பாதையில் கிடக்கும் தீங்கினை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். பாதைக்கும் ஹக்கு உண்டு என்றும், பிறருக்கு இடையூறு செய்யாதிருப்பது அதில் அடங்கும் என்றும் அறிவுறுத்தினார்கள். அகற்றுவதே ஈமானின் கிளையென்றால், தீங்கினைக் கொண்டுவந்து பாதையில் போடுவதை என்னென்பது!

கசப்பான உண்மை ஒன்றையும் கூறியாக வேண்டும். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல் தெருக்களைப் பாருங்கள். குத்பாவுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், பாதையின் குறுக்கே வாகனத்தை நிறுத்திவிட்டு உள்ளே விரைகிறோம். அவ்வேளையில் நெஞ்சுவலியால் துடிக்கும் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தால் அதன் நிலை என்ன? சிக்னல் விளக்கைப் பச்சையாக்கி வழிவிடக் கட்டுப்பாட்டு மையத்தால் இயலும். சந்து முனையில் குறுக்கே நிற்கும் நம் வண்டியை நகர்த்த அதனால் இயலுமோ? உள்ளே நாம் இறைவனிடம் அருளை வேண்டி நிற்க, வெளியே ஓர் உயிர் நம்மால் தவிக்கிறது!

பொதுச் சொத்து யாவும் அமானிதம். தெருக்குழாயும் பூங்கா இருக்கையும் மின்விளக்கும் நமக்குப் பின் வருவோருக்கும் உரியவை. ஓடும் ஆற்றில் ஒளூச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாது எனக் கற்ற நாம், நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டியைக் கண்டும் காணாததுபோல் இருக்கலாமா?

கேமரா உள்ள சந்திப்பில் ஒழுங்காக நின்று, அது இல்லாத சந்திப்பில் சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர் அஞ்சுவது அபராதத்திற்கே. கேமரா காணாத இடத்திலும் நம்மைக் காண்பவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவர்கள் அல்லவா நாம்? அந்த நம்பிக்கை தெருவில் தெரிய வேண்டாமா?

ஆகவே, வாசகர்களே! இன்று ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் வண்டியை எங்கே நிறுத்துவது என்று எண்ணிக் கொள்ளுங்கள். சற்றுத் தொலைவாயினும் பிறர் வழியை மறிக்காத இடத்தில் நிறுத்தி, நடந்து செல்லுங்கள். வீடு திரும்பியதும் சமையற்கட்டில் இன்னொரு கூடையை வையுங்கள். ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சீர்மிகு நகரம் அந்தக் கூடையிலிருந்தே தொடங்கட்டும்!