திருப்புளியும் சுத்தியலும் டிரம் பிரேக்குக்குப் போதாது

பின்சக்கரத்தில் கிரீச்சென்று சத்தம் வருகிறது, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தால்தான் பிடிக்கிறது. பட்டறைக் கூலியை மிச்சம் பிடிக்கலாமென்று ஞாயிற்றுக்கிழமை காரை வாசலில் நிறுத்தி, செல்போனில் வீடியோ பார்த்தபடியே சக்கரத்தைக் கழற்றுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நம் வண்டியை நாமே பழுதுபார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் பிரேக் வேலைக்கென்றே உள்ள கருவிகள் கையில் இல்லாவிட்டால் டிரம்மைத் திறக்கவே கூடாது. அந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு விபத்தைத் தடுப்பதற்காகவே வந்தவை.

முதலில் வண்டியைத் தூக்குவது. ஸ்டெப்னி மாற்றத் தரும் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. ஜாக்கியால் தூக்கியபின் வண்டியைத் தாங்க ஸ்டாண்டு வேண்டும். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும் என்பதால், முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தே தீர வேண்டும். டிரம் வரவில்லையென்றால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். பல டிரம்களில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாகவே வெளியே தள்ளப்படும்.

உள்ளே திறந்தால் ஷூக்களை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள் தெரியும். ஒவ்வொரு ஷூவின் நடுவிலும் ஒரு சின்னத் தொப்பி, அதற்குள் அமுங்கிய ஸ்பிரிங், பின்னாலிருந்து வரும் ஓர் ஊசி. தொப்பியை உள்ளே அமுக்கிக் கால் சுற்று திருப்பினால் ஊசியின் தட்டைத் தலை பிளவுக்கு நேராக வந்து விடுபடும். இதற்கென ஒரு கைப்பிடிக் கருவி இருக்கிறது, அது தொப்பியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். மூக்குக் குறட்டால் இதைச் செய்தால் தொப்பி நழுவும், ஸ்பிரிங் முகத்துக்கு நேராகப் பாயும். பெரிய ஸ்பிரிங்குகளைத் திருப்புளியால் நெம்பினாலும் இதே கதிதான். பிரேக் ஸ்பிரிங் பிளையரும் கண் கவசமும் இல்லாமல் இந்த இடத்தைத் தாண்டாதீர்கள். ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடாதீர்கள், எது எங்கே மாட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ள அது வேண்டும். ஷூ மாற்றும்போது மட்டும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையேல் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிரம் எவ்வளவு தேயலாம் என்பதற்கான அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பு தடுத்து, அளவு தவறாக வரும். டிரம் அளக்கும் கேஜ் இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்து அளந்து வாங்குங்கள். பிரேக் ஆயில் குழாயின் நட்டைத் திறப்பு ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும். குழாய் நுழைய வெட்டுவிட்ட பிளேர் நட் ஸ்பேனர்தான் அதற்குச் சரி. வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது டிரம்முக்குள் இருக்கும் கரும்தூசிதான். பட்டறைகளில் ஏர் அடித்து ஊதித் தள்ளுகிறார்கள், வீட்டில் வாயாலேயே ஊதுகிறார்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டாஸ் உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தியாவில் வெள்ளை அஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதென உறுதிப்பட்ட முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூச்சோடு போன இழை நோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். நல்ல முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பட்டறைப் பையன்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

உதிரிப் பாகமும் பழுதுபார்ப்புக் கையேடும் கம்பெனி சர்வீஸ் சென்டரோடு முடங்கிவிடக் கூடாது. இதே காரணத்துக்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பழுதுபார்த்தார்கள் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் அந்த ஆணை எழுப்பிய கேள்வி நம் ஒவ்வொருவருடையதும்தான். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது, வாகனத் துறையும் அதில் அடக்கம்.

உரிமையோடு பொறுப்பும் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி, தெரிந்த குறையோடு மட்டுமல்ல, சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையோடு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினாலும் குற்றம். அதனால் விபத்து நேர்ந்து காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை உண்டு. ஆகவே சந்தேகம் இருந்தால், வீட்டில் செய்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே சாலைக்கு எடுங்கள்.

பட்டறை செய்த வேலையிலோ வாங்கிய ஷூவிலோ கோளாறு இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பில் தராததே முறையற்ற வணிகம். டூப்ளிகேட் பாகத்தால் காயமோ சேதமோ நேர்ந்து, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்ற கடைக்காரர் பொறுப்பாவார். பில்லும் அட்டைப்பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். கழன்ற லைனரைத் தூக்கி எறியாதீர்கள், மாட்டியிருந்த நிலையிலேயே படம் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்து மூலம் புகார், பிறகு 1915 உதவி எண். அதற்கும் பதில் இல்லையென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம்.